கொழும்பு கேக்கணுமா? முதல்ல பல்பை அணைங்க!



இந்த வாரம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு தம்பியோட கடிதம். விருத்தாசலத்துல செராமிக் டிப்ளமோ படிக்கிறாராம்.

'அண்ணா, எங்க தாத்தாகிட்ட ஒரு பழைய டிரான்சிஸ்டர் இருக்கு. அந்தக் காலத்துல ராத்திரி ஆனா இலங்கை வானொலிதானாம். கே.எஸ்.ராஜா மாதிரி பேசியே காட்டுவார்! இப்போ ஏ.எம். பக்கம் திருப்பினா கொர்ர்ர்னு இரைச்சல் மட்டும்தான். வெறுத்துப் போய் ரேடியோவைப் பரண் மேல போடச் சொல்லிட்டார். லீவுல வேலை பார்த்துச் சேர்த்த காசு கொஞ்சம் இருக்கு. பெரிய ஆன்டெனா ஒண்ணு வாங்கிப் போட்டா மறுபடி தூரத்து ஸ்டேஷன் எல்லாம் வருமா? எதை வாங்கலாம்?'

தம்பி, முதல்ல அந்தக் காசை எடுத்துப் பத்திரமா உள்ளே வைங்க. அப்புறம் பேசலாம்.

ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லிடறேன். 'ரேடியோ சிலோன்'னு பேர் வாங்கி, 1967-ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமா மாறின அந்த நிலையம் நம்ம ஊர் டீக்கடைகளை ஆண்ட காலம் முடிஞ்சு போச்சு. நின்னுபோன ஒலிபரப்பை எந்த ஆன்டெனாவும் பிடிச்சுத் தராது. நம்ம நாட்டிலும் பிரசார் பாரதி மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றை மூடிட்டு எஃப்.எம். பக்கம் போயிட்டிருக்கு. அதனால 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப் போடற சமாச்சாரம் இல்லை இது.

'எல்லாம்தான் மொபைல்ல கேக்குதே, இது எதுக்கு?'ன்னு பக்கத்துல ஒரு ஃப்ரெண்ட் கேப்பார். 2011 டிசம்பர் 30-ஐ அவருக்கு ஞாபகப்படுத்துங்க. தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சு, நாள் கணக்கா கரன்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டிரான்ஸ்மிட்டரை ரெண்டு பேட்டரி செல்லுல பிடிக்கிற பொட்டி வீட்டில் இருக்கிறது சும்மா விஷயமா?

சரி, மேட்டருக்கு வருவோம்.

பகல்ல மீடியம் வேவ் அலை தரையை ஒட்டியே வரும். மேலே போறதை, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்துல வெயில் உண்டாக்கற 'டி' அடுக்கு விழுங்கிடும். சூரியன் மறைஞ்சதும் அந்த அடுக்கு கலைஞ்சு போகும். அலை இன்னும் மேலே போய், அங்கே இருக்கிற அடுக்குல பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கும். தாத்தா 'ராத்திரி ஆனா'ன்னு சொன்னது இதனாலதான்.

அலை இன்னிக்கும் அப்படித்தான் வருது. மாறினது நம்ம வீடு.

எல்.ஈ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், டி.வி.... இதுக்குள்ள இருக்கிற மின்சுற்றுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுவிட்ச் ஆகிட்டே இருக்கு. தரமில்லாததா இருந்தா அது ஒவ்வொண்ணும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். அந்தக் குட்டிங்க சேர்ந்து போடற கூச்சல்தான் உங்க 'கொர்ர்ர்'.

நானும் ஒரு காலத்துல இந்தப் பைத்தியம் பிடிச்சுத் திரிஞ்சவன்தான். மொட்டை மாடியில 30 மீட்டர் ஒயர் இழுத்து, மார்தட்டிக்கிட்டு ரேடியோவுல சொருகினேன். என்ன ஆச்சு? முன்னே எங்க வீட்டு இரைச்சல் மட்டும்தான் கேட்டுச்சு. ஒயர் போட்டதும் தெருவுல இருக்கிற அத்தனை வீட்டு இரைச்சலும் கேட்டுச்சு! அன்னிக்குத்தான் புத்தி வந்தது. மீடியம் வேவ்ல நிறைய இழுக்கிற ஆன்டெனா தேவையில்லை. வேண்டாததைக் காதுல வாங்காத ஆன்டெனாதான் தேவை.

அதனால தம்பி, முதல் டெஸ்ட் ஓசியிலேயே பண்ணலாம். பேட்டரி போட்ட ரேடியோவை ஆன் பண்ணி வைங்க. பெரியவங்ககிட்ட சொல்லிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைங்க. இரைச்சல் செத்துச்சுன்னா வில்லன் உங்க வீட்டிலேயே இருக்கான். ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துப் பிடிங்க. சாகலைன்னா ரேடியோவைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பு பக்கம் நடங்க. கரன்ட் கம்பியை விட்டு விலக விலக வித்தியாசம் தெரியும். (ராத்திரி கரன்ட் கட்டா? திட்டாதீங்க, ரேடியோவைத் தேடுங்க!)

அடுத்தது ஆன்டெனா. பல பேர் ரேடியோவோட அந்த நீட்டு ராடை இழுத்து இழுத்துப் பார்ப்பாங்க. அது எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவ் ஆன்டெனா உள்ளே ஒளிஞ்சிருக்கு. கரிச்சட்டி நிறத்துல ஒரு கம்பி, மேலே மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று. அதுக்குப் பேர் ஃபெரைட்.

செராமிக் தம்பி, இது உங்க சொந்தக்காரன்! இரும்பு ஆக்சைடோட மாங்கனீசு, நிக்கல், துத்தநாகம் மாதிரி உலோகங்களோட ஆக்சைடுகளைக் கலந்து, அச்சுல அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல சூளையில சுட்டா ஃபெரைட். களிமண்ணுக்குப் பதில் உலோக ஆக்சைடுத் தூள், அவ்வளவுதான். ஜப்பான்ல கட்டோ, டாக்கெய்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1930 வாக்குல இதைக் கண்டுபிடிச்சாங்க. அதைத் தயாரிக்கறதுக்காகவே 1935-ல் ஆரம்பிச்ச கம்பெனிதான் நாம கேசட்டுல பார்த்த டி.டி.கே.!

இந்தக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. அதோட முனை ஸ்டேஷனைப் பார்த்தா சத்தம் அமுங்கிடும். அகலப் பக்கம் பார்த்தா நல்லாக் கேட்கும். அதனால எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ரேடியோவை மெதுவா ஒரு முழு வட்டம் சுத்திப் பாருங்க. இரைச்சலுக்கு முனையைக் காட்டினாலே பாதி ஜெயிச்சாச்சு.

இன்னும் பலம் வேணும்னா லூப் கட்டுங்க. ரெண்டடிக்கு ரெண்டடி மரச்சட்டம். அதன் விளிம்பைச் சுத்தி 12 சுற்று ஒயர், சுற்றுக்கு சுற்று அரை சென்டிமீட்டர் இடைவெளி. சுமார் 30 மீட்டர் ஒயர் பிடிக்கும். ரெண்டு முனையையும் பழைய வால்வு ரேடியோவுல இருந்து கழட்டின கேங் கண்டென்சருல சேருங்க. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ரேடியோவோட ஒயர் இணைப்பும் கிடையாது!

ரேடியோவைச் சட்டத்துக்கு நடுவுல வைங்க. வளையத்துக்குள்ள விரல் நுழையற மாதிரி, உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பி சட்டத்துக்குக் குறுக்கா நிக்கணும். ரேடியோவுல ஸ்டேஷனை வைச்சுட்டு கண்டென்சரைத் திருப்புங்க. ஒரு இடத்துல 'குப்'புன்னு சத்தம் ஏறும் பாருங்க... அதுதான் அந்த நிமிஷம்! 531-லிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகணும். கீழ்க்கோடி எட்டலைன்னா ஒரு சுற்று கூட்டுங்க. மேல்கோடி எட்டலைன்னா ஒரு சுற்று குறைங்க.

சட்டத்தோட ஓரம் பார்க்கிற திசை பலமாக் கேட்கும். திறந்த முகம் பார்க்கிற திசை அமுங்கும். இதுல உங்க ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. மேப்பை எடுங்க. மங்கலம்பேட்டைக்கு வடகிழக்கே சென்னை, நேர் எதிரே தென்மேற்கே திருச்சி. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல! சட்டத்தோட முகத்தை அந்தக் கோட்டுக்குக் காட்டினா ரெண்டு பெரிய நிலையமும் ஒரே நேரத்துல அடங்கும். அப்போ சட்டத்தோட ஓரம் எங்கே பார்க்கும்? வடமேற்கே, பெங்களூரு பக்கம். ராத்திரி வானத்திலிருந்து சரிஞ்சு வர்ற அலைக்கு இந்த வித்தை பகல் அளவுக்குச் சுத்தமா பலிக்காது. ஆனா பக்கத்து வீட்டு இரைச்சலை அடக்க எப்பவும் உதவும்.

'அப்போ நீள ஒயர் வேஸ்ட்டா?' இல்லை. தோப்புக்குள்ள, கரன்ட் கம்பி இல்லாத இடம்னா அது ராஜா. ரெண்டு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர் போடுங்க (விருத்தாசலத்துக்காரருக்குச் சொல்லணுமா என்ன!). தனியா ஒரு எர்த் கம்பி அடிங்க. அமெரிக்காவுல பெவரேஜ்னு ஒருத்தர் 1921-ல் பேடன்ட் வாங்கின ஆன்டெனா, தரைக்குக் கொஞ்சம் மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடற ஒத்தை ஒயர்தான். மங்கலம்பேட்டையில அதைப் போட்டா நாலு பேர் கொல்லையைத் தாண்டும். தகராறு வேண்டாம்!

இது மட்டும் சீரியஸா கேளுங்க. கரன்ட் கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்துலயோ ஒயர் எறியவே கூடாது. உயிர் போயிடும். ஐப்பசி, கார்த்திகையில இடி சத்தம் கேட்டா வெளி ஒயரைத் தொடாதீங்க. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடியே கழட்டி வைங்க.

இதையெல்லாம் எழுதித் தம்பிக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். முந்தாநாள் பதில் வந்தது.

'அண்ணா, வில்லன் எங்க திண்ணை எல்.ஈ.டி. பல்புதான்! அதை மாத்தினதும் பகல்ல திருச்சி தெளிவா வந்துடுச்சு. பழைய ஜன்னல் சட்டத்துல லூப் கட்டினேன். கண்டென்சரை மெக்கானிக் அண்ணன் சும்மாவே கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு நீங்க சொன்ன மாதிரி திருப்பி வைச்சேன். கொழும்பு வரலை. ஆனா கன்னடத்துல ஒரு பாட்டு வந்துச்சு. தாத்தாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. முடியற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்லை. அப்புறம், 'சட்டத்தை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புடா'ன்னு சொன்னார்.'

ரேடியோ இப்போ பரண்ல இல்லையாம். தாத்தா தலைமாட்டுல இருக்காம். சேர்த்த காசு அப்படியே பத்திரம்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு ஃப்ரெண்ட்ஸ்? இன்னிக்கு ராத்திரி இறக்கிப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!