நட்சத்திரங்களை நம்பி லினக்ஸ் வளராது

பியூடிபை என்ற பெயரில் அறியப்படும் சுவீடன் யூடியூபர், தாம் லினக்சுக்கு மாறிவிட்டதாக 2025 ஏப்ரலில் காணொளி வெளியிட்டார். 11 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைக் கொண்டவர் அவர். இப்படி நான்கு பிரபலங்கள் பேசினாலே மைக்ரோசாப்டின் ஏகபோகம் ஆட்டம் கண்டுவிடும் என்ற கருத்து நமது தோழர்கள் சிலரிடமும் தென்படுகிறது. இது தவறான கருத்து. நாம் செய்ய வேண்டிய வேலையை வேறொருவர் தலையில் கட்டும் கருத்தும்கூட.

காணொளி ஆர்வத்தைத் தூண்டும், மறுக்கவில்லை. அதே புகழ் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2021இல் கனடாவின் லைனஸ் செபாஸ்டியன் லினக்சுக்கு மாறிக் காட்டுவதாக அறிவித்து, ஸ்டீம் செயலியை நிறுவப்போய்த் திரைமுகப்பையே இழந்து நின்றார். அதையும் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

எங்கள் நாகலாபுரத்துக்கு வாருங்கள். தமிழக எல்லையை ஒட்டிய ஊர்; துண்டறிக்கை என்றால் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட வேண்டும். இங்குள்ள டிடிபி தொழிலாளி பேஜ்மேக்கரில் தெலுங்குக்கு அனு எழுத்துருவையும், தமிழுக்கு யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவையும் பயன்படுத்துகிறார். யாவும் விண்டோசை நம்பியவை. அவரது பல்லாண்டு உழைப்பு அந்தக் கோப்புகளுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. லினக்சுக்கு மாறு என்றால், நாளைக்குத் தர வேண்டிய கல்யாணப் பத்திரிகையை யார் முடிப்பது என்று கேட்பார். நியாயமான கேள்வி. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரவும், ஸ்கிரைபஸ் கற்றுக்கொடுக்கவும், அச்சுப்பொறி மக்கர் செய்தால் ஓடிவரவும் அவருக்கு ஆள் வேண்டும். எந்த யூடியூபரும் அதற்கு வரப்போவதில்லை.

கேரளம் எப்படிச் சாதித்தது? பள்ளிக் கணினிக் கல்வி தனியுடைமை மென்பொருளைச் சார்ந்து தொடங்கியபோது, ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 2006இல் பொறுப்பேற்ற இடது ஜனநாயக முன்னணி அரசு அதைக் கொள்கையாக்கியது. ஆசிரியருக்குப் பயிற்சி, பாடநூல், பத்தாம் வகுப்புத் தேர்வு என அனைத்தும் கட்டற்ற மென்பொருளில் அமைந்தன. 2019இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகள் லினக்சில் இயங்கின. அங்கே நட்சத்திரம் யாரென்று கேட்டால், பயிற்சி பெற்று வகுப்பறைக்குத் திரும்பிய ஆசிரியரைத்தான் காட்ட வேண்டும்.

மேலிருந்து வரும் ஆணை மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தபோது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கு மாறுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. இன்று எந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்த் திரையைப் பாருங்கள்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் அதே கதி நேர்ந்தது. நன்றாக ஓடும் பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. புதிது வாங்கு என்கிறது. ஏகபோகம் தன் வாடிக்கையாளரைத் தானே வெளியே தள்ளும் வேளை இது. நமது கட்சி அலுவலகங்களின் கணினிகளில் என்ன ஓடுகிறது? பெரும்பாலும் உரிமமில்லாத விண்டோஸ்! திருட்டுப் பிரதியும் ஏகபோகத்துக்கு இலவச விளம்பரமே. ஒவ்வொரு இடைக்கமிட்டியும் ஒரு கணினியை மாற்றட்டும். அதைப் பழுதுபார்க்க வாலிபர் அரங்கத் தோழர்கள் இருவரைப் பழக்கட்டும். எங்கள் டிடிபி கடைக்காரரிடம் முதலில் போக வேண்டியவர்கள் அந்த இருவர்தான்.