கட்டற்ற மென்பொருளும் துண்டுச் சீட்டும்

எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை அளிக்கப்பட்ட மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனப்படும். இவ்வுரிமையை எழுத்தில் வழங்கிவிட்டால் போதும், பொதுச் சொத்துக்கு நிறுவனம் எதற்கு என்று வினவுவோர் தமிழ் மாணவரிடையே பலர் உளர். நிறுவனம் என்ற சொல்லே சுதந்திரத்துக்குப் பகை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று. நல்ல முயற்சிகள் பல முளையிலேயே கருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த மாணவர் நால்வர், தாய்மார் நாள்தோறும் பறிக்கும் கொழுந்தின் நிறுவையைத் தாமே பதிந்துவைத்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மென்பொருளொன்றை ஆக்கினர் எனக் கொள்வோம். நிறுவையிற் கழிக்கப்பட்டது எவ்வளவு, அரைப்பேர் விழுந்த நாள்கள் எவை என்பன தெளிவாகும். அதன் நிரலைப் பிறர் படியெடுக்கலாம். ஆனால் வழங்கிக்கான மாதக் கட்டணத்தைச் செலுத்துவது யார்? நன்கொடை வந்தால் அது யாருடைய வங்கிக் கணக்கிற் சேரும்? மென்பொருளின் பெயரை வணிக நிறுவனமொன்று தனதென்று பதிவுசெய்தால் வழக்காடுவது யார்? கணக்கை வைத்திருந்த மாணவர் கொழும்புக்கோ வளைகுடா நாட்டுக்கோ தொழில் தேடிச் சென்றுவிட்டால் என்ன ஆகும்? நிரல் கட்டற்றதாய் இருப்பினும், பெயரும் பணமும் இணைய முகவரியும் ஒரு தனியாளின் சட்டைப்பையில் இருக்குமாயின் அம்முயற்சி அவ்வாளின் தயவில் வாழ்வதேயாகும்.

இவ்விடரைத் தீர்க்கவே இலாப நோக்கற்ற குடை நிறுவனங்கள் எழுந்தன. டெபியன் திட்டத்துக்குத் துணையாக 1997 இல் அமெரிக்காவில் ‘சொஃப்ட்வெயார் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ தோன்றியது. 1999 இல் அப்பாச்சி மென்பொருள் நிறுவனமும், 2006 இல் ‘சொஃப்ட்வெயார் ஃபிரீடம் கொன்சர்வன்சி’யும் உருவாயின. தனித்தனியே பதிவுபெறாத திட்டங்களுக்காக நன்கொடை பெறுதல், கணக்கு எழுதுதல், பெயரையும் இணைய முகவரியையும் காத்தல், ஒப்பந்தங்களிற் கையொப்பமிடுதல் ஆகியன இவற்றின் பணிகள். வரும் நன்கொடையில் பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலான பங்கை நிருவாகச் செலவுக்காகச் சில நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும். நிரலை எவ்வாறு எழுதுவது என்பதில் நன்கொடை காக்கும் நிறுவனங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை.

சேரும் முறையும் கடினமானதன்று. ஏற்கப்பட்ட கட்டற்ற உரிமம் ஒன்றன்கீழ் நிரல் வெளியிடப்பட்டிருத்தல் வேண்டும்; முடிவெடுப்போர் யாவர் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்; நிறுவனத்தோடு தொடர்புகொள்ளப் பேராளர் ஒருவர் வேண்டும். இவற்றோடு விண்ணப்பித்தால் நிறுவனத்தின் ஆட்சிக்குழுவோ அதன் தேர்வுக்குழுவோ ஆராய்ந்து முடிவுசெய்யும். அப்பாச்சி இன்னும் ஒரு படி மேலே சென்று, புதிய திட்டங்களை 2002 முதல் ஓர் அடைகாப்பகத்தில் வைத்து, வழிகாட்டிகளின் துணையுடன் பயிற்றிய பின்னரே முழுத் திட்டமாக ஏற்கின்றது. ஒரே ஆளின் திட்டமாக அது நின்றுவிடாமற் பலர் கூடி நடத்தும் திட்டமாக வளர்ந்ததா என்பது அங்கே முதன்மையாக நோக்கப்படும்.

இவையெல்லாம் மேலைநாட்டுக்கே பொருந்தும் என்போர் இலங்கையின் வரலாற்றையே மறந்தவராவர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்யும் ‘சஹானா’ என்னும் மென்பொருளை இந்நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களில் ஆக்கினர். ஆழிப்பேரலையின் நினைவு மங்கிய பின்னும் அம்மென்பொருள் மங்காமைக்குக் காரணம், லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு அதற்குக் கூரையாய் நின்றமையே. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2009 இல் தனக்கென ஒரு நிறுவனத்தையே பெற்றது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் வழங்கிகளையும் பெயரையும் விக்கிமீடியா நிறுவனம் காக்கின்றது. கட்டுரைகளைப் பற்றிய முடிவுகளைத் தமிழ்ப் பயனர்களே எடுக்கின்றனர்.

“நாமே ஒரு சங்கம் பதிவுசெய்யலாமே” என்பர் சிலர். 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியொன்றைப் பதிவுசெய்ய இயலும். ஆயின் பணிப்பாளரும் செயலாளரும் ஆண்டறிக்கையும் கணக்காய்வும் அதனோடு வரும். நால்வர் கொண்ட குழுவின் உழைப்பு நிரலுக்குச் செல்லாது படிவங்களுக்கே செல்லும்.

இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. கங்காணியின்கீழ் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் மற்றுமொரு கங்காணியைத் தேடுவதா என்பது அது. இம்மறுப்பில் நியாயமான அச்சம் உண்டு. ஆனால் கங்காணி முறையின் கொடுமை, தலைவன் ஒருவன் இருந்தான் என்பதோடு முடிவதன்று. கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு தொழிலாளியைப் பிணித்த துண்டுச் சீட்டிலேயே அதன் நஞ்சு இருந்தது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே எந்தக் குடை நிறுவனத்தையும் அளக்கும் கோல் இதுவே: துண்டின்றி வெளியேற இயலுமா? நல்ல ஒப்பந்தம் இதற்கு விடை கூறும். விலக விரும்பும் திட்டம் தன் பணத்தையும் பெயரையும் இலாப நோக்கற்ற வேறோர் அமைப்புக்குக் கொண்டுசெல்லலாம். தனியாள் எவரும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோதல் மட்டுமே தடுக்கப்படும். அத்தடை அடிமைத்தளை அன்று. பொதுச் சொத்துக்கு இட்ட வேலி. வெளியேறும் விதியை எழுத்தில் தர மறுக்கும் நிறுவனத்தை, அதன் பெயர் எத்துணைப் பெரிதாயினும், மாணவர் அணுகாதிருத்தல் வேண்டும்.

கூரை உழைக்காது என்பதையும் மறத்தலாகாது. நிரல் எழுதுவோர் ஓய்ந்தால் எந்த நிறுவனமும் அதனை உயிர்ப்பிக்காது. எனினும் உழைப்பவர் இருந்தும் ஒதுங்க இடமின்றி அழிவதே தமிழ் முயற்சிகளின் பொதுவிதியாய் உள்ளது. அதற்குப் பிற நாட்டு நிறுவனங்களை மட்டுமே நம்பியிருத்தலும் தகாது. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டத்தை நடத்தும் நூலகம் நிறுவனமும், தமிழ்நாட்டின் கணியம் அறக்கட்டளையும் போன்ற தமிழ் அமைப்புகள் சிறு மென்பொருள் திட்டங்களுக்கும் குடை விரிக்க முன்வரல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் அதற்குத் தோள்கொடுத்தல் வேண்டும்.

1931 இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, தனித்தனித் தோட்டங்களில் சிதறிக் கிடந்த மக்களுக்குப் பொதுவானதோர் அமைப்பு வேண்டும் என்பதையே உணர்த்தினார். அம்மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினியின்முன் தனித்தனியே அமர்ந்திருக்கின்றனர். தனிமையைச் சுதந்திரம் என்று மயங்குவதை அவர்கள் விடுதல் வேண்டும். சேரவும் விலகவும் உரிமையுள்ள கூட்டே சுதந்திரத்தின் உறுதியான வடிவமாகும்.