கதவுக்கு வெளியே காத்திருப்பவர்

புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் பழகிய காட்சி இது. நோயாளியைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டு, மகன் மட்டும் பயாப்சி அறிக்கையுடன் உள்ளே வருவார். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர். வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்" என்று கைகூப்புவார்.

அவருடைய அன்பை நான் ஐயுறவில்லை. ஆயினும் செய்தியை வைத்திருப்பவரிடமே முடிவும் போய்ச் சேர்கிறது என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. வயிற்றுப்புண் என்று நம்புகிறவர் கீமோதெரபிக்கு எதற்காக இசைய வேண்டும்? ஆகவே அது 'சத்து மருந்து' ஆகிறது. முடி கொட்டும்போது இன்னொரு விளக்கம் தேவைப்படுகிறது. இதற்கிடையில் நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பதையும், பேச்சு நின்றுபோன தம்பியைப் பார்த்துவருவதையும், உடம்பு தேறியபின் செய்துகொள்ளலாம் என்று பெரியவர் தள்ளிப்போடுகிறார். அந்த நாள்கள் அவருக்கு உரியவை.

மறைப்பது பெரும்பாலும் பலிப்பதுமில்லை. பிரிவின் பெயர் வாயிலிலேயே எழுதியிருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், "உங்களுக்கு இது எத்தனையாவது ஊசி?" என்று கேட்டுவிடுகிறார். ஒரு மூதாட்டி என்னிடம் தாழ்ந்த குரலில், "என்ன நோய் என்று எனக்குத் தெரியும். மகளிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள்" என்றார். அம்மகளும் அதே வேண்டுகோளுடன் முந்தைய நாள்தான் என்னைச் சந்தித்திருந்தார்! இப்படி நடிக்கத் தொடங்கும் நோயாளி வலியையும் மறைக்கிறார். வலியை அளக்க இரத்தப் பரிசோதனை ஏதுமில்லை. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் அவர் சொல்லும் எண்ணை வைத்தே மார்ஃபின் அளவை முடிவு செய்கிறோம். மகன் அருகில் நிற்கையில் ஏழு, மூன்றாகிவிடுகிறது.

மருத்துவர்களுக்கு இதில் விலக்கு இல்லை. 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் கூறாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்விலோ 97 விழுக்காட்டினர் கூறுவதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழாயிற்று. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. ஆனால் அந்நிலையை அறிய வேண்டியவராக 'நோயாளி, உறவினர் அல்லது பொறுப்புள்ள நண்பர்' என்று எழுதிவைத்துள்ளன. அந்த 'அல்லது' வழியாகத்தான் எங்களில் பலர் நழுவிவிடுகிறோம். 2008-இல் உச்ச நீதிமன்றம், தானே முடிவெடுக்கத்தக்க வயதுவந்த பெண்ணின் அறுவைச் சிகிச்சைக்கு, அவர் மயக்கத்தில் இருக்கையில் தாய் தந்த ஒப்புதல் ஈடாகாது என்று தீர்ப்பளித்தது.

அறிய விரும்பாத நோயாளிகளும் உண்டு. "எல்லாவற்றையும் பெரியவனிடமே சொல்லிவிடுங்கள்" என்பார்கள். அது அவர்களுடைய உரிமை; நாங்கள் வற்புறுத்துவதில்லை. ஆனால் அந்த விருப்பத்தை அவரிடமே கேட்டறிய வேண்டும்; வெளியே நின்று ஊகிக்கலாகாது. அடுத்த முறை வரும்போது அவரையும் உள்ளே அழைத்து வாருங்கள். "உங்கள் நோயைப் பற்றி உங்களிடமே பேசலாமா, அல்லது வீட்டில் யாரிடமாவது பேச வேண்டுமா?" என்று நான் கேட்கும்போது, அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் பேசாமலிருந்தால் போதும்.