வீடு யாருடையது என்பதல்ல கேள்வி

பழம்பெரும் கட்டிடங்களைப் பற்றிய சர்ச்சை எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது: "விலை கொடுத்து வாங்கியவர் தம் பணத்தில் பழுது பார்க்கிறார், கேட்க நீங்கள் யார்?" பாரிஸ் நகரத்து ஒத்தேல் லாம்பேர் மாளிகையின் வரலாறே இவ்வாதத்துக்குப் போதுமான மறுப்பு என்று கருதுகிறேன்.

ஒத்தேல் என்றதும் உணவகத்தையோ விடுதியையோ எண்ண வேண்டியதில்லை. பிரெஞ்சு மொழியில் நகரத்துச் செல்வந்தரின் தனி மாளிகைக்கும் அதுவே பெயர். தெருப்பக்கம் வாயிலும் முற்றமும், நடுவே குடியிருப்பு, பின்னால் தோட்டம் என்பது அதன் வழக்கமான இலக்கணம். 1640களின் தொடக்கத்தில் ழான் பாப்திஸ்த் லாம்பேருக்காக இம்மாளிகையைக் கட்டிய லூயி ல வோ அந்த இலக்கணத்தை மீறினார். மனை, செய்ன் நதியின் நடுவிலுள்ள புனித லூயித் தீவின் கிழக்கு முனையில் இருந்தது. எனவே தோட்டத்தைப் பின்னால் ஒளிக்காமல் பக்கவாட்டில், உயர்ந்த மேடையாக அமைத்தார். அதன் ஓரமாக நீண்ட கூடமொன்றை நதியை நோக்கி நீட்டி, அதன் முனையை வளைத்துச் சன்னல்கள் வைத்தார். கூடத்தின் விதானத்தில் ஷார்ல் ல ப்ரன் ஹெர்குலிஸின் கதையைத் தீட்டினார். சிறு அறைகளுக்கு யூஸ்தாஷ் ல ஸ்யூர் ஓவியம் வரைந்தார். ஆக, மனையின் வடிவம், சுவர், ஓவியம் மூன்றும் சேர்ந்த ஒரே படைப்பு இது. ஒன்றைத் தொட்டால் மற்றவை குலையும்.

வோல்தேரும் எமிலி து ஷாத்லேயும் தங்கிய வீடு இது. 1843இல் போலந்து இளவரசர் சார்தோரிஸ்கி வாங்கினார். நாடிழந்த போலந்து அரசியலாளர்களின் ஓர் அணிக்கே இம்மாளிகையின் பெயர் நிலைத்தது. 1975இல் ரோத்ஷில்டு குடும்பத்தின் கைக்கு வந்தது. 2007இல் கத்தார் அரச குடும்பம் வாங்கியது. நிலத்தடி வாகன நிறுத்தமும் மின்தூக்கிகளும் கொண்ட திட்டத்துக்கு 2009இல் பண்பாட்டு அமைச்சகம் அனுமதியும் வழங்கிற்று. பாரம்பரிய ஆர்வலர் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. செப்டம்பரில் நீதிமன்றம் பணிகளைத் தடுத்தது. 2010 ஜனவரியில் திருத்திய திட்டத்துக்கு இருதரப்பும் உடன்பட்டன.

எதிர்த்தவர்கள் மீது அன்று இனவெறிச் சாயம் பூசப்பட்டது. போலந்து அகதிகளுக்கு அடைக்கலம் தந்த வீட்டில் அயலார் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் உரிமையாளர் பிரெஞ்சுக்காரராக இருந்திருந்தாலும் முன்னூற்றறுபது ஆண்டுப் பழமையுடைய கட்டிடத்தின் அடியில் குழி தோண்டுவது குழி தோண்டுவதேயல்லவா?

2013 ஜூலை 10 அதிகாலை, பணிகள் நடந்துகொண்டிருந்த அம்மாளிகையில் தீப்பிடித்தது. கூரையின் ஒரு பகுதி சரிந்தது. ல ஸ்யூர் அணிசெய்த குளியலறையின் ஓவியங்கள் அழிந்தன. ஹெர்குலிஸ் கூடத்தைப் புகையும் நீரும் பாதித்தன. 1862 முதல் சட்டப் பாதுகாப்பில் இருந்த கட்டிடம் இது. பணத்துக்கும் அங்கே குறைவில்லை. இவற்றால் அந்த ஓவியங்களைக் காக்க முடியவில்லை. இதே வீட்டின் வேறு இரண்டு அறைகளுக்கு ல ஸ்யூர் வரைந்த ஓவியங்கள் 1776இல் அரசரின் சேகரிப்புக்காக வாங்கப்பட்டன. அவற்றை இன்றும் லூவ்ரில் யாரும் காணலாம்.

எல்லாவற்றையும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் அடைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சுவரை இழந்த ஓவியம் பாதி ஊமை. தீக்குப் பின் பெரும் பொருட்செலவில் மாளிகை புதுப்பிக்கப்பட்டதையும் மறுக்கவில்லை. 2022இல் அது மீண்டும் கைமாறியது. உள்ளிருந்த அறைகலன்களும் அதே ஆண்டில் ஏலத்துக்குச் சென்றன. பதினைந்தாண்டுகளில் ஓர் உரிமையாளர் வந்து போய்விட்டார். அழிந்த ஓவியம் எந்த விலைக்கும் திரும்பாது.

ஆகவே கேட்க வேண்டியது, "இந்த மாற்றம் தவறினால் திருத்த முடியுமா?" என்பதே. முடியாதெனில் அதைச் செய்யும் உரிமையை எந்தக் கிரயப் பத்திரமும் எவருக்கும் தருவதில்லை. அனுமதி தரும் அமைச்சகங்கள் முதலில் இதை உணர வேண்டும். அவை உணராதபோது, ஒரு சிறு சங்கம் நீதிமன்றப் படியேறியதைப் போல, சொத்துரிமை ஏதுமற்ற நாமும் கேட்கத்தான் வேண்டும்.