உப்புத் தண்ணீரில் தேறட்டும் உணரி

தங்கம் எப்போதும் மஞ்சள் அல்ல. மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கே உள்ள தங்கத் துகள்கள் நீரில் பரவியிருந்தால் அந்த நீர் சிவப்பாகத் தெரியும். துகள்கள் நெருங்கிக் கூடினால் ஊதாவாகும். துகளின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளைப் பதித்துவிட்டால், அந்தச் சர்க்கரையைப் பற்றும் புரதம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும்; அது வந்திருப்பதை நிறமே காட்டிக்கொடுக்கும். 2007இல் பிரிட்டனின் ஸ்கோஃபீல்ட், ஃபீல்ட், ரஸ்ஸல் ஆகியோர் லாக்டோஸ் பூசிய துகள்களால் காலரா நச்சை இப்படித்தான் கண்டறிந்தார்கள்.

காலரா நச்சுக்குச் சர்க்கரையைப் பற்றும் இடங்கள் ஐந்து. குடற்சுவரில் அது ஒட்டுவதே அங்குள்ள சர்க்கரையைப் பிடித்துத்தான். தனியொரு பிடி தளர்வானது. பல சேர்ந்தால் இறுகும். கரைவலை ஒருவர் இழுத்து வருவதில்லையே!

சர்க்கரையைப் பற்றும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். ஆமணக்கு விதையிலும் குன்றிமணியிலும் உள்ள நச்சுகள் இந்த வகைதான். சியாலிக் அமிலங்கள் என்னும் சர்க்கரைகளில் ஒரு வகையைத் தேர்ந்து பற்றும் லெக்டினைச் சேற்று நண்டிலிருந்து பிரித்தெடுத்து, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டார்கள். ஆக, இந்த அறிவியல் நமக்குப் புதிதல்ல.

காலராவுக்குத்தான் ஏற்கெனவே சோதனைப் பட்டைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஆன்டிபாடியை நம்பும் அந்தப் பட்டைகள் பொதுவாகக் கிருமியின் மேலுறையை அடையாளம் காண்பவை, நச்சை அல்ல. ஆன்டிபாடியைவிடச் சர்க்கரை வெப்பத்தைத் தாங்கும். கருவியில்லாமல் கண்ணால் பார்த்தே முடிவு சொல்லலாம். வேம்பார் போன்ற கடலோர ஊர்களுக்கு ஏற்ற நுட்பம்தான்.

ஆனால், சிக்கலும் அங்கேதான். பூச்சில்லாத தங்கத் துகள்கள் உப்பு பட்டாலே கூடிவிடும். சர்க்கரைப் பூச்சு அதைத் தடுக்கும் என்றாலும், லாக்டோஸ் பூசிய துகள்கள் கால்சியத்தைக் கண்டாலும் ஒன்றுசேரும். கடல்நீர் ஏறிய கிணற்றில் உப்புக்கும் கால்சியத்துக்கும் பஞ்சமில்லை. நச்சே இல்லாத நீரும் ஊதாவாகி, ஊரைக் கலவரப்படுத்தக்கூடும்.

எனவே, ஆய்வுக்கு நிதி தரும் அரசுத் துறைகள் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: நச்சைக் கண்டறியும் உணரி எதுவானாலும் கடலோரக் கிணற்று நீரில் சோதித்த முடிவும் சேர்ந்தே வர வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வேம்பார் கரை. காய்ச்சி வடித்த நீரில் மட்டும் தேறிய உணரிக்கு அடுத்த தவணை கிடையாது என்று சொல்லிவிட்டால், ஆய்வகங்கள் தாமாகவே கடற்கரைக்கு வரும்.