வெப்பமானியும் குழந்தையும்

காய்ச்சல் நோயன்று, நோயொன்று உள்ளே புகுந்ததை அறிந்து உடல் தானே மூட்டிக்கொள்ளும் தீ. இவ்வுண்மையை மருத்துவ நூல்கள் எத்தனையோ முறை எடுத்துரைத்த பின்னரும், நம்மவர் வீடுகளிற் குழந்தையின் மேனி சற்றே சுட்டவுடன் எழும் கலவரம் தணிந்தபாடில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மல்லித் தண்ணீரோடு வருவார்; பெரியம்மா பல் முளைக்கும் காய்ச்சல் என்பார்; வேறொருவர் நாவூறு என்று திருநீறு பூசுவார். தாயோ ஒரு கையில் வெப்பமானியும் மறு கையிற் பாணி மருந்துமாகத் தவித்து நிற்பாள். இவர்களுள் எவரையும் நான் எள்ளவில்லை. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இத்தீவைச் சூறையாடிய மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. அத்தகைய நாட்டிற் காய்ச்சல் என்ற சொல்லே நடுக்கம் தருவதில் வியப்பென்ன? உலக சுகாதார நிறுவனம் 2016 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. நோய் போயிற்று, அச்சம் போகவில்லை.

அச்சம் நமக்கு மட்டும் உரியதுமன்று. 1980 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட், தம் நாட்டுப் பெற்றோரிடையே இதனை ஆராய்ந்து ‘காய்ச்சற் பேரச்சம்’ என்று பொருள்படும் பெயரொன்றையே சூட்டினார்.

1975 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி என் நெஞ்சை விட்டு அகலாதது. பாலைநிலத்துப் பேரோணான் இனமொன்று வெயிலைத் தேடிச் சென்றே தன் உடலைச் சூடேற்றிக்கொள்வது. மத்தியூ குளூகர் என்ற அறிஞரும் அவர்தம் துணைவரும் அவற்றுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்தனர். வெப்பம் மிகுந்த இடத்தில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. வெப்பம் குறைந்த இடத்தில் இருந்தவை பெரும்பாலும் மடிந்தன. ஓணானைக் காட்டிக் குழந்தைக்கு வைத்தியம் சொல்வதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காய்ச்சலைத் தணிக்கவே கூடாது என்பது என் வாதமன்று. பரசிற்றமோல் கொடுப்பது குழந்தையின் நோவையும் சிணுங்கலையும் ஆற்றுவதற்கு. வெப்பமானியின் எண்ணைக் கீழிறக்குவதற்கன்று. 38 பாகை செல்சியசைத் தாண்டினாற் காய்ச்சல் என்பர். எனினும் 39 பாகையிலும் விளையாடித் திரியும் பிள்ளையைவிட, 38 பாகையிற் சோர்ந்து கிடக்கும் பிள்ளையே என்னை அச்சுறுத்துவது.

மருந்தின் அளவு வயதைவிட எடையையே பொறுத்தது. ஒரு கிலோகிராம் எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, நான்கு மணி நேரமேனும் இடைவெளி விட்டு, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமற் கொடுத்தல் முறை. சமையலறைக் கரண்டியால் அளக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுத்தலே ஆகாது. குளிர்ந்த நீரில் முக்குவதும், அதற்கு நேர்மாறாகக் கம்பளியாற் சுற்றி மூடுவதும் ஒரே அளவில் தவறானவை.

வலிப்பைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பார்ப்பவர் உயிரை உலுக்கும் காட்சி அது. ஆயினும் பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். மூளைக்குக் கேடும் விளைப்பதில்லை. கேடு விளைப்பது நம் கைகளே. வாயிற் கரண்டியைத் திணிப்பதும், தண்ணீர் வார்ப்பதும், கையில் இரும்புத் திறப்பைத் திணித்து வைத்துக் காத்திருப்பதும் இன்றும் நடக்கின்றன. பிள்ளையை ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். முன்னொரு போதும் வராத வலிப்பாயின், ஓய்ந்த பின்னரும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 38 பாகை கண்டால், வீட்டு வைத்தியத்துக்கு இடமேயில்லை. வயதில் மூத்த பிள்ளையாயினும் பால் குடியாமை, சிறுநீர் குறைதல், மூச்சு வாங்குதல், எழுப்பியும் விழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அவ்வாறே.

இனி, நம் நாட்டுக்குரிய தனிக்கவலை டெங்கு. 2017 இல் மட்டும் 1,80,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு உட்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. இதன் கொடுமை யாதெனின், காய்ச்சல் விட்டது என்று வீடு நிம்மதியடையும் வேளையிலேதான், அதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், குருதியின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டுக் கசியத் தொடங்குகின்றது. வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, குளிர்ந்த கை கால்கள், குருதிக் கசிவு ஆகியன அதன் குறிகள். வெப்பமானி 37 பாகை காட்ட, குழந்தை சாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இதனாலேயே இரண்டு நாளைக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுக்குக் குருதிப் பரிசோதனை வேண்டப்படுகின்றது. இபுபுரோபன் போன்ற மருந்துகள் விலக்கப்படுவது குருதிப்பெருக்கை அவை கூட்டக்கூடும் என்பதனால்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுண்டு. காலையில் ஒரு கரண்டி பனடோல் கொடுத்து, நெற்றி குளிர்ந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. வேலைக்குப் போகும் தாய்க்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம். அவளை நான் குறை கூறேன். ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவிற் கேடயம் கொடுக்கின்றோமே, அதை யார் வழக்கமாக்கியது? காய்ச்சலோடு வந்து மேசையில் தலை சாய்த்துக் கிடந்த நாளும் அக்கணக்கில் வரவாகவே எழுதப்படுகின்றது. அந்தப் பரிசை அடுத்த ஆண்டிலிருந்தேனும் முன்பள்ளிகளிலும் கீழ் வகுப்புகளிலும் நிறுத்திவிடலாம்.