மாலை ஆறு மணிக்கு மருத்துவர் இருப்பதில்லை

குடிநோய்ச் சிகிச்சையில் மதுவை உடலிலிருந்து இறக்குவது ஒப்பீட்டளவில் எளிய வேலை. கைநடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றை மருந்தும் கண்காணிப்பும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடக்கிவிடும். வீடு திரும்பிய பிறகுதான் சோதனை. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில் இயங்குகிறது. அரசின் டாஸ்மாக் மதுக்கடை பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. ஏக்கம் தலைதூக்கும் மாலையில் மருத்துவர் இல்லை, கூட்டாளிகள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் கைகொடுக்கக்கூடியவர், அதே ஏக்கத்தைக் கடந்துவந்த இன்னொரு குடிநோயாளி. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் இன்னொரு குடிநோயாளியைத் தேடியது, தான் மறுபடி குடித்துவிடாமல் இருப்பதற்காகத்தான். அப்படிச் சந்தித்த மருத்துவர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ.

திருந்த நினைப்பவர்கள்தானே ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகிறார்கள், அவர்கள் எப்படியும் திருந்தியிருப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால், காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுகளும் அவற்றில் உண்டு. நோயாளிகளை முறையாக ஏ.ஏ.வுடன் இணைத்த சிகிச்சைகள், முழுமையாகக் குடியை நிறுத்துவதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை விஞ்சின. குடிக்கும் அளவைக் குறைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘முறையாக இணைத்த’ என்பது முக்கியம்: வீட்டுக்கு அனுப்பும்போது முகவரிச் சீட்டை நீட்டுவது இணைப்பு ஆகாது. பயிற்சியில்லாதவர் வைத்தியம் பார்ப்பதா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வலிப்பையும் மனக்குழப்பத்தையும் பார்க்க வேண்டியவர் மருத்துவர்தான். குடியை விட்டுவந்து துணை நிற்பவரின் வேலை அதற்குப் பிறகு. ஏ.ஏ.வின் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பேச்சில்லாத குழுக்களும் தேவை.

இப்படி இணைத்துவிடப் பணம் இல்லாமல் இல்லை: 2023-24-இல் டாஸ்மாக் வழியே தமிழக அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது. அதில் ஒரு துளியை ஏ.ஏ.வுக்குக் கொடுத்துவிட முடியாது. வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது அதன் மரபு. ஆகவே அரசு வேறு வழியில் செலவிட வேண்டும். குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆனவர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, அரசுப் போதை மறுவாழ்வு மையங்களில் மாலைப் பணிக்கு அமர்த்தலாம். நோயாளி வார்டில் இருக்கும்போதே அவர்கள் அவரைச் சந்திக்க வேண்டும். வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே ஏ.ஏ. போன்ற குழுவின் கூட்டத்துக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.